பனிமலைகளில் தாழப் பறக்கும் சிறு விமானங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலாஸ்காவிலோ ஆல்ப்ஸிலோ ஒரு சிறு விமானம் பனிச்சரிவில் மோதியது என்று செய்தி வந்தால் போதும், எனக்குக் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். விபத்து விசாரணை அறிக்கைகளை வாசிக்கும் பழக்கம் எனக்கு உண்டு என்று தெரிந்தவர்கள் கேட்கிறார்கள். ஆள் மாறினாலும் சந்தேகம் மாறுவதில்லை. ஆகவே எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதிவைத்திருக்கிறேன். எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலானவை அலாஸ்காவைச் சேர்ந்தவை. அங்கே இத்தகைய விபத்துகளும் அதிகம், அவற்றைப் பற்றிய விசாரணைகளும் விரிவானவை.

சிறிய விமானம் என்றால் எவ்வளவு சிறியது?

அமெரிக்க விதிகளின்படி, புறப்படும்போது 12,500 பவுண்டு, அதாவது சுமார் 5,670 கிலோ எடைக்குள் இருப்பவை சிறிய விமானங்கள். இருவர் மட்டும் அமரும் பைப்பர் சூப்பர் கப் முதல் பத்தொன்பது பேர் வரை ஏற்றும் ட்வின் ஆட்டர் வரை இதில் அடங்கும். பனிப்பகுதிகளில் அதிகம் காண்பவை செஸ்னா வகைகளும் டி ஹாவிலண்ட் நிறுவனத்தின் பீவர், ஆட்டர் விமானங்களும். பலவற்றுக்குக் குளிர்காலத்தில் சக்கரத்துக்குப் பதிலாகப் பனிச்சறுக்குப் பலகைகளைப் பொருத்திவிடுவார்கள்.

ஹெலிகாப்டர்களையும் இந்தப் பக்கத்தில் சேர்த்துக்கொள்கிறேன். அவற்றின் எந்திரம் வேறு என்றாலும் விபத்தின் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்.

அலாஸ்காவில்தான் அதிகம் விழுகின்றன என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2020இல் வெளியிட்ட கணக்கின்படி, 2008 முதல் 2017 வரை அலாஸ்காவின் விமான விபத்து விகிதம் நாட்டின் சராசரியைப்போல் 2.35 மடங்கு. உயிரிழப்பு ஏற்பட்ட விபத்துகளை மட்டும் எடுத்தால் 1.34 மடங்கு. இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கவனியுங்கள். சரளைக் கற்களிலும் ஆற்று மணல்திட்டிலும் பனியிலும் இறங்கும்போது விமானம் குப்புறக் கவிழ்வதும் அதன் சக்கரக் கால் உடைவதும் அங்கே சகஜம். அவற்றில் பெரும்பாலும் யாரும் சாவதில்லை. நாம் பேசப்போவது ஆளைக் கொல்லும் வகையைப் பற்றி.

அங்குள்ள ஊர்களில் நூற்றுக்கு 82 ஊர்களுக்குச் சாலைத் தொடர்பு இல்லை. தபால், மளிகை, பள்ளிக் கூடைப்பந்து அணி, பிரசவத்துக்குப் போகும் பெண் என எல்லாமே விமானத்தில்தான் போகவேண்டும். நமக்குப் பஸ் எப்படியோ அப்படி.

எதற்காகத் தாழப் பறக்கிறார்கள்? மேலே ஏறிப் போனால் மலை இடிக்கவே இடிக்காதே?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. நியாயமான கேள்வியும்கூட. ஆனால் அந்த ‘மேலே’ எப்போதும் கிடைப்பதில்லை. மேகம் ஆயிரம் அடியில் கவிந்திருந்தால், மேலே ஏறுவது என்பது மேகத்துக்குள் நுழைவதாகிவிடும். உறைநிலைக்குக் கீழே குளிர்ந்தும் இன்னும் நீராகவே மிதக்கும் துளிகள் அந்த மேகத்தில் இருக்கும். இறக்கையில் பட்ட கணத்தில் அவை உறைந்து ஒட்டிக்கொள்ளும். பனிக்கட்டியை நீக்கும் வசதி பல சிறு விமானங்களில் இல்லை. போய்ச் சேரும் ஊரில், மேகத்தினூடே கருவிகளை நம்பி இறங்குவதற்கான ஏற்பாடும் இல்லாமல் இருக்கலாம். அதனால் மேகத்துக்கு அடியில், தரையைப் பார்த்துக்கொண்டே, ஆற்றையும் கணவாயையும் பிடித்துப் போகிறார்கள். மேகம் இறங்க இறங்க விமானமும் இறங்குகிறது. ஒரு கட்டத்தில் இரண்டுக்கும் நடுவே இடம் தீர்ந்துபோகிறது.

வேலையே தாழப் பறப்பதாக இருப்பதும் உண்டு. விலங்குகளைக் கணக்கெடுப்பது, பனியாற்றில் மலையேறிகளை இறக்குவது, சுற்றுலாப் பயணிகளுக்குப் பனிப்பிளவுகளைக் காட்டுவது இவற்றையெல்லாம் பத்தாயிரம் அடியிலிருந்து செய்ய முடியாது.

நடுப்பகலில், கண்ணெதிரே நிற்கும் வெள்ளை மலை எப்படித் தெரியாமல் போகும்?

மலை வெள்ளை என்பதால் நாம் அதைப் பார்ப்பதில்லை. அதன் மேடு பள்ளங்கள் விழச்செய்யும் நிழல்களால்தான் பார்க்கிறோம். வானம் முழுவதும் ஒரே சீராக மேகம் மூடியிருந்தால், ஒளி எல்லாத் திசையிலிருந்தும் சம அளவில் விழும். நிழல் இருக்காது. புதுப்பனி விழுந்த சரிவில் பாறையோ மரமோ இல்லையென்றால் மேடு, பள்ளம், சமதளம் மூன்றும் ஒரே தோற்றம் தரும். விமானிகள் இதை ‘ஃப்ளாட் லைட்’ என்பார்கள். சரிவு மேல்நோக்கி ஏறுகிறதா, நூறு அடி தள்ளி இருக்கிறதா, ஆயிரம் அடி தள்ளி இருக்கிறதா என்று சொல்ல ஒரு தடயமும் கிடைக்காது.

இதிலுள்ள விபரீதம், கண் தோற்றுப்போனதைக் கண்ணால் அறிய முடியாது என்பது. இருட்டில் ‘எனக்குத் தெரியவில்லை’ என்று நமக்கே தெரியும். இந்த வெளிச்சத்தில் எல்லாம் நன்றாகத் தெரிவதாகவே விமானி நினைப்பார். முன்னால் பரந்த பனிவெளி இருப்பதாக மூளை ஒரு படத்தை வரைந்து கொடுத்துவிடும். அந்தப் படத்துக்குள்ளேயே போய் மோதுகிறார்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் வாசிக்க நேரமிருந்தால் இதையே வாசிக்கச் சொல்வேன்.

பனியாறுகளில் இறங்கிப் பழகிய பழைய விமானிகள் இதை நன்கறிவார்கள். இறங்கும் இடத்தின் மேல் முதலில் ஒருமுறை பறந்து, ஸ்ப்ரூஸ் மரக்கிளைகளையோ கருநிறச் சாக்குகளையோ வீசிவிட்டு, அந்தப் புள்ளிகளை வைத்துத் தரையைக் கணித்து இறங்குவார்கள்.

மூடுபனி, பனிப்பொழிவு, ஒயிட்அவுட் எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. மூடுபனியிலும் பனிப்பொழிவிலும் காற்றில் ஏதோ ஒன்று கண்ணை மறைக்கிறது. ஒயிட்அவுட்டில் காற்று கண்ணாடிபோல் சுத்தமாக இருக்கலாம். பனித்தரைக்கும் மேகத்துக்கும் இடையே ஒளி திரும்பத் திரும்பப் பட்டு எதிரொளித்து, அடிவானக் கோடு அழிந்துவிடும். வானம் எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது என்று தெரியாது.

சிறிய விமானம் அல்ல என்றாலும் இதற்கு எரேபஸ் விபத்தைவிடத் தெளிவான சான்று இல்லை. 1979 நவம்பர் 28 அன்று ஏர் நியூசிலாந்தின் டிசி-10 விமானம் அண்டார்க்டிகாவைச் சுற்றிக் காட்டுவதற்காக சுமார் 1,500 அடிக்கு இறங்கி, எரேபஸ் எரிமலையின் அடிச்சரிவில் மோதியது. 257 பேரும் இறந்தார்கள். மேகத்துக்குக் கீழே பல மைல் தூரம் காற்று தெளிவாக இருந்தது. எதிரே ஏறிக்கொண்டிருந்த சரிவு விமானிகளுக்குச் சமதளப் பனிவெளியாகத் தெரிந்தது.

ஹெலிகாப்டருக்கு இன்னொரு வகை ஒயிட்அவுட்டும் உண்டு. இறங்கும்போது சுழலியின் காற்றே தூள்பனியைக் கிளப்பி ஆளைச் சுற்றிச் சுவர் எழுப்பிவிடும். 2021 மார்ச்சில் அலாஸ்காவின் நிக் பனியாறு அருகே, பனிச்சறுக்குக்காக மலைமுகட்டில் இறங்க முயன்ற ஹெலிகாப்டர் விழுந்து ஆறு பேரில் ஐவர் இறந்தார்கள். செக் தொழிலதிபர் பெட்ர் கெல்னரும் அவர்களில் ஒருவர். ஒயிட்அவுட்டைச் சரியாக எதிர்கொள்ளாததே காரணம் என்று விசாரணை முடிவு செய்தது.

மோதிய பிறகும் மோதியதே தெரியாமல் இருந்தார்களாம். கதைதானே?

மிகைப்படுத்திச் சொல்லப்படுவதுண்டு. ஆனால் கிட்டத்தட்ட அப்படி நடந்திருக்கிறது. 1946 நவம்பரில் அமெரிக்க ராணுவத்தின் டகோட்டா வகை விமானம் ஒன்று சுவிட்சர்லாந்தின் கவுலி பனியாற்றில் மோதியது. மலையைப் பார்க்காமலேயே, மேல்நோக்கிச் சரிந்த பனிப்பரப்பின் மீது வயிறு உரசி வழுக்கிக்கொண்டுபோய் நின்றது. பன்னிரண்டு பேரும் பிழைத்தார்கள். தாங்கள் பிரெஞ்சு ஆல்ப்ஸில் இருப்பதாக நினைத்து வானொலியில் அப்படியே சொன்னார்கள். சில நாட்கள் கழித்து ஸ்டோர்க் எனப்படும் இரண்டு சிறு விமானங்கள் பனிப்பலகைகளுடன் அங்கே இறங்கி அவர்களை மீட்டன. ஆல்ப்ஸில் வான்வழி மீட்புப் பணியின் தொடக்கமாக அதைச் சொல்வார்கள்.

1952இல் கிரீன்லாந்துப் பனிமேட்டில், பிரிட்டிஷ் ஆய்வுக் குழுவுக்குப் பொருட்களைத் தாழப் பறந்து வீசிக்கொண்டிருந்த ஹேஸ்டிங்ஸ் விமானம் ஒயிட்அவுட்டில் தரையைத் தொட்டு விழுந்தது. அதிலும் பன்னிரண்டு பேர், அதிலும் எல்லோரும் பிழைத்தார்கள். தரை மெதுவாக ஏறும் சரிவாக இருந்ததும், பனி ஆழமாக இருந்ததும் அவர்களின் நல்லூழ். அங்கே ஒரு பாறை இருந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்ல ஆளிருந்திருக்காது.

உயரம் காட்டும் கருவி இருக்கிறதே, அதைப் பார்த்தால் போதாதா?

சாதாரண உயரமானி கடல் மட்டத்திலிருந்து உயரத்தைக் காட்டும். காலுக்குக் கீழே மலை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. அது காற்றழுத்தத்தை அளந்து உயரமாக மாற்றும் கருவி. கடுங்குளிரில் காற்று சுருங்கி அடர்ந்துவிடுவதால் கணக்கு பிசகும். தரையில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி இருக்கும்போது, விமான நிலையத்துக்கு மேல் 1,000 அடியில் இருப்பதாகக் கருவி சொன்னால் உண்மை உயரம் 800 அடியை ஒட்டித்தான் இருக்கும். பிழை ஆபத்தான பக்கத்திலேயே சாய்கிறது.

ரேடார் உயரமானி தரையிலிருந்து உள்ள தூரத்தை நேராக அளக்கும். ஆனால் அதுவும் கீழே பார்க்கிறதே தவிர முன்னே பார்ப்பதில்லை. செங்குத்தான சரிவு எதிரே வந்தால் அது எச்சரிப்பதற்கும் மோதுவதற்கும் இடையில் நேரமே இருக்காது. ஆனாலும் பனியாற்றின் மேல் ஹெலிகாப்டர் ஓட்டுபவருக்கு அது இருப்பது இல்லாததைவிடப் பல மடங்கு மேல்.

வெளியே தெரியவில்லை என்றால் கருவிகளைப் பார்த்து ஓட்டலாமே?

அதற்கென்று பயிற்சியும், விட்டுப்போகாத பழக்கமும் வேண்டும். அடிவானம் தெரியாதபோது உடலின் சமநிலை உணர்வு தவறான செய்தி தரும். விமானம் சாய்ந்து சுழன்று இறங்கிக்கொண்டிருக்கும். நேராகப் போவதாக விமானி உணர்வார். 1954இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிப் பயிற்சி இல்லாத 20 விமானிகளை வெளியே பார்க்க முடியாதபடி செய்து ஓட்டவைத்தார்கள். இருபது பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக ஆன நேரம் 178 விநாடி. மூன்று நிமிடம்கூட இல்லை.

அனுபவம் இதற்கு முழுக் கவசம் அல்ல. 2013 மார்ச் 30 இரவு, டால்கீட்னா அருகே பனி வாகனத்துடன் சிக்கிக்கொண்ட ஒருவரை மீட்டுத் திரும்பிய அலாஸ்கா மாநிலக் காவல்துறை ஹெலிகாப்டர் மோசமான வானிலையில் நுழைந்து விழுந்தது. விமானி, காவலர், மீட்கப்பட்டவர் மூவரும் இறந்தார்கள். ஆயிரக்கணக்கான மணிநேரம் பறந்த விமானி அவர். திசையுணர்வு குழம்பியதே உடனடிக் காரணம்.

தரை நெருங்கினால் எச்சரிக்கும் கருவி இருந்தும் மோதியிருக்கிறார்களே?

2016 அக்டோபர் 2 அன்று அலாஸ்காவின் டோகியாக் அருகே ஒரு செஸ்னா கேரவன் மலையில் மோதி மூவர் இறந்தார்கள். அதில் எச்சரிக்கைக் கருவி இருந்தது; அதன் குரலை அடக்கி வைத்திருந்தார்கள். பொறுப்பில்லாதவர்கள் என்று திட்டுவதற்கு முன் காரணத்தைக் கேளுங்கள். அந்தக் கருவி 700 அடிக்குக் கீழே போனாலே எச்சரிக்கும்படி அமைக்கப்பட்டது. விதியோ 500 அடி வரை பறக்க அனுமதித்தது. எனவே விதிப்படி ஒழுங்காகப் பறந்தாலும் அது நாள் முழுவதும் கத்திக்கொண்டிருக்கும். எப்போதும் கத்தும் கருவியை மனிதர்கள் அடக்கத்தான் செய்வார்கள். விசாரணை வாரியமும் இந்த முரணைச் சுட்டிக்காட்டியது.

பள்ளத்தாக்கில் வானிலை கெட்டால் ‘யூ டர்ன்’ போட்டுத் திரும்பிவிட வேண்டியதுதானே?

திரும்ப இடம் வேண்டும். கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 185 கிலோமீட்டர், அதாவது 100 நாட் வேகத்தில் 30 டிகிரி சாய்த்துத் திரும்பினால், அரைவட்டம் போட ஏறக்குறைய 930 மீட்டர் அகலம் தேவை. ஒரு கிலோமீட்டர் அகலப் பள்ளத்தாக்கின் நடுவில் பறந்தால் ஒரு பக்கம் உங்களுக்கு இருப்பது 500 மீட்டர்தான். அதனால்தான் மலைப்பகுதிப் பயிற்சியில் ‘நடுவில் போகாதே, ஒரு பக்கச் சரிவை ஒட்டிப் போ’ என்று முதல் பாடமாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். கேட்பதற்கு ஆபத்தாகத் தோன்றும். ஆனால் முழு அகலமும் திரும்புவதற்குக் கையில் இருக்கும்.

வேகத்தை 70 நாட்டாகக் குறைத்தால் தேவையான அகலம் 460 மீட்டராகச் சுருங்கிவிடும். திரும்புவதற்கு முன்பே வேகத்தைக் குறைக்கச் சொல்வது இதற்காகத்தான். மாறாக, பதற்றத்தில் வேகத்தைக் கவனிக்காமல் சட்டென்று அதிகம் சாய்த்து இழுப்பவர்கள் வேறொரு குழியில் விழுகிறார்கள். 60 டிகிரி சாய்வில் உயரம் குறையாமல் திரும்ப, விமானம் மிதப்பதற்குத் தேவையான குறைந்தபட்ச வேகம் 41 சதவீதம் கூடிவிடும். அந்த வேகம் இல்லையென்றால் இறக்கை தூக்குவிசையை இழக்கும். ‘ஸ்டால்’ என்பது இதுதான். எஞ்சின் நின்றுபோவது என்று பலர் நினைக்கிறார்கள். எஞ்சினுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

ஆங்கரேஜுக்கு மேற்கே மெரில் கணவாய் என்று ஒன்று இருக்கிறது. அதன் சரிவுகளில் பழைய விமானச் சிதிலங்கள் இன்றும் கிடக்கின்றன.

தெளிவான வானிலையில், மலையில் மோதாமல், சமவெளியில் விழுவது ஏன்?

மேலே சொன்ன ஸ்டால்தான் பெரும்பாலும் காரணம். அலாஸ்காவில் இதற்கு மூஸ் மானின் பெயரையே வைத்திருக்கிறார்கள். மூஸ் கணக்கெடுப்பு தரையில் பனி விழுந்த பிறகு நடக்கும். வெண்பரப்பில்தான் பழுப்பு மான் பளிச்சென்று தெரியும். சூப்பர் கப் விமானம் சில நூறு அடி உயரத்தில் மானைச் சுற்றி வட்டமிடும். விமானியும் பார்வையாளரும் சாளரத்தின் வழியே மானையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். வட்டம் சிறிதாகும், சாய்வு கூடும், வேகம் குறையும். காற்றும் சேர்ந்துகொண்டால், தரையை வைத்துப் பார்க்கும்போது வேகமாகப் போவதாகவே தோன்றும். ஸ்டால் ஆனபின் மீள்வதற்குச் சில நூறு அடி உயரமாவது வேண்டும். அது அங்கே இருக்காது. வேட்டைக்காரர்களும் புகைப்படக்காரர்களும் இதே வகையில் விழுந்திருக்கிறார்கள்.

இறக்கையில் கொஞ்சம் பனி ஒட்டியிருந்தால் என்ன ஆகிவிடும்?

எடையைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். எடை இரண்டாம் பிரச்சினை. இறக்கையின் வளைவு கெட்டுவிடுவதுதான் முதல் பிரச்சினை. உப்புத்தாள் சொரசொரப்பு அளவுக்கு உறைபனி இருந்தாலே தூக்குவிசை குறையும், ஸ்டால் முன்கூட்டியே வரும். புறப்படும் முன் இறக்கையைத் துடைக்காதவரோடு பறக்காதீர்கள். அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் ‘விமானியின் தவறு’ என்று முடித்துவிடுகிறார்களே, இது நியாயமா?

பாதி நியாயம். கடைசி முடிவு விமானியுடையதுதான். மோசமான வானிலைக்குள் தொடர்ந்து சென்றார் என்ற வாக்கியம் அறிக்கைக்கு அறிக்கை வருகிறது. ஆனால் அந்த முடிவுக்கு அவரைத் தள்ளியது எது என்று கேட்காத விசாரணை அரைகுறை விசாரணை. மேலே சொன்ன காவல்துறை ஹெலிகாப்டர் விஷயத்தில், பறப்பதா வேண்டாமா என்ற சுமையை அந்த ஒற்றை மனிதர்மேல் வைத்த அமைப்பையும், விபத்து நடந்தால் தண்டிப்பதிலேயே குறியாக இருந்த நிர்வாகப் போக்கையும் வாரியம் குறைகூறியது.

எரேபஸ் விபத்திலும் முதல் விசாரணை விமானிகளைக் கைகாட்டியது. பிறகு 1981இல் நீதிபதி பீட்டர் மஹோனின் விசாரணை ஆணையம், கணினியில் இருந்த பாதைப் புள்ளி விமானிகளுக்குத் தெரியாமல் மாற்றப்பட்டிருந்ததைக் காட்டி நிறுவனத்தைக் குற்றஞ்சாட்டியது. அந்த விவாதம் நியூசிலாந்தில் இன்னும் ஓய்ந்தபாடில்லை. என் கட்சி மஹோன் பக்கம்தான்.

காப்பாற்றப் போனவர்களும் விழுந்தார்கள் என்று படித்தேன். அது எப்படி?

முதல் விமானத்தை வீழ்த்திய அதே வெளிச்சம்தானே அடுத்ததற்கும் காத்திருக்கிறது. 1999 செப்டம்பரில் அலாஸ்காவின் ஜூனோ அருகே பனியாற்றின் மேல் ஒரு சுற்றுலா ஹெலிகாப்டர் ஃப்ளாட் லைட்டில் தரையில் மோதியது. அதைத் தேடிப் போனது மோதியது. பிறகு மூன்றாவதும் மோதியது. மூன்றும் ஒரே நாளில். நல்லவேளையாக யாரும் இறக்கவில்லை.

இது புதிதுமல்ல. 1929 நவம்பர் 9 அன்று அலாஸ்காவின் புகழ்பெற்ற முன்னோடி விமானி கார்ல் பென் ஐல்சன், சைபீரியக் கரையோரம் பனிக்கடலில் உறைந்து நின்ற நானுக் கப்பலிலிருந்து ஆட்களையும் விலங்குகளின் உரோமத் தோல்களையும் கொண்டுவரப் பறந்தபோது விழுந்தார். அவரும் மெக்கானிக் ஏர்ல் போர்லண்டும் இறந்தார்கள். சிதைவு அடுத்த ஜனவரியில்தான் அகப்பட்டது. எஞ்சினின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் முழுத்திறப்பில் இருந்தது. எஞ்சின் பழுதாகி விழவில்லை, முழு வேகத்தில் தரைக்குள் பறந்திருக்கிறார் என்றே அதற்குப் பொருள்.

விழுந்தவர் பிழைக்க வழி உண்டா? எவ்வளவு நாள் தாங்கலாம்?

மோதலில் உயிர் தப்பினால் அடுத்த எதிரி குளிர், அதற்கடுத்தது கண்டுபிடிக்கப்படாமை. 1972 அக்டோபரில் ஆங்கரேஜிலிருந்து ஜூனோவுக்குப் புறப்பட்ட செஸ்னா 310 காணாமல் போனது. அதில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் பெரும்பான்மைக் கட்சித் தலைவர் ஹேல் போக்ஸும் அலாஸ்கா உறுப்பினர் நிக் பெகிச்சும் இருந்தார்கள். 39 நாட்கள் தேடினார்கள். இன்றுவரை ஒரு துண்டும் கிடைக்கவில்லை.

இப்போது மோதலில் தானாக இயங்கி, செயற்கைக்கோளுக்கு 406 மெகாஹெர்ட்ஸில் சமிக்ஞை அனுப்பும் கருவி உண்டு. பழைய 121.5 மெகாஹெர்ட்ஸ் கருவியைச் செயற்கைக்கோள்கள் கேட்பது 2009 பிப்ரவரியோடு நின்றுவிட்டது. அதை மட்டும் நம்பி இன்னும் பறப்பவர்கள் இருக்கிறார்கள். புதிய கருவியும் இடத்தில் உறுதியாகப் பொருத்தப்பட்டிருந்தால்தான் பயன். 2010இல் முன்னாள் செனட்டர் டெட் ஸ்டீவன்ஸ் இறந்த விபத்தில் கருவி தன் பிடியிலிருந்து கழன்று ஆன்டெனா அறுந்துபோனதால் சமிக்ஞை போகவேயில்லை. ஒன்பது பேரில் நால்வர் உயிரோடு மணிக்கணக்காகக் காத்திருந்தார்கள்.

அலாஸ்கா சட்டம் விமானத்தில் ஆளுக்கு ஒரு வார உணவு, கோடாரி, முதலுதவிப் பெட்டி, நெருப்பு மூட்டும் பொருள், மீன்பிடிக் கருவிகள் வைத்திருக்கவேண்டும் என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தது. அக்டோபர் 15 முதல் ஏப்ரல் 1 வரை பனிக்காலணி, உறங்கும் பை, கம்பளி ஆகியவையும் வேண்டியிருந்தன. 1963இல் கனடாவின் யூகான் பகுதியில் விழுந்த விமானியும் அவருடைய ஒரே பயணியான இளம்பெண்ணும் ஏறக்குறைய உணவே இல்லாமல் 49 நாட்கள் தாக்குப்பிடித்து மீண்டார்கள். பனியில் மிதித்து எழுதிய எழுத்துகளே அவர்களைக் காட்டிக்கொடுத்தன. எதிர்ப்பக்கமும் உண்டு. 2018 ஆகஸ்டில் அலாஸ்காவின் டெனாலி சிகரம் அருகே மோதிய பீவர் விமானத்தின் விமானி செயற்கைக்கோள் தொலைபேசியில் பேசினார். ஆனால் மேகம் விலகாததால் மீட்பர் அருகே போவதற்கு ஏறக்குறைய ஒன்றரை நாளாயிற்று. அவரும் நான்கு போலந்துப் பயணிகளும் பிழைக்கவில்லை.

இவ்வளவு ஜிபிஎஸ், கேமரா எல்லாம் வந்த பிறகும் ஏன் நிற்கவில்லை?

குறைந்திருக்கிறது. 1990களின் இறுதியிலிருந்து அலாஸ்காவின் கணவாய்களிலும் ஊர்களிலும் இருநூறுக்கும் மேற்பட்ட இடங்களில் வானிலைக் கேமராக்கள் வைத்திருக்கிறார்கள். அதே இடத்தின் தெளிந்த நாள் படமும் பக்கத்திலேயே இருக்கும். அதில் மலைமுகட்டின் உயரமும் தூரமும் குறித்திருக்கும். இன்றைய படத்தில் எந்த முகடு மறைந்திருக்கிறது என்று பார்த்தால் மேகம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று புரிந்துவிடும். எனக்கு இதைவிட அழகான பாதுகாப்பு ஏற்பாடு தெரியாது. புறப்படாமல் இருப்பதற்கு அது காரணம் கொடுக்கிறது.

ஜிபிஎஸ் விஷயத்தில் நான் அவ்வளவு உற்சாகமாக இல்லை. மலையின் வடிவத்தைத் திரையில் காட்டுவது பெரிய உதவிதான். அதே திரை, முன்பு திரும்பியிருக்கக்கூடிய விமானியை இன்னும் ஐந்து நிமிடம் போய்ப் பார்க்கலாம் என்று இழுக்கவும் செய்கிறது.

விமானத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத பயணி நான். என்னால் எதைக் கவனிக்க முடியும்?

மூன்று விஷயங்கள். ஒன்று, உங்களுக்குத் திரும்பியே ஆகவேண்டிய அவசரம் இருந்தால் அதை விமானியிடம் சொல்லாதீர்கள். உங்கள் நாளைய ரயில், அடுத்த விமானம், முன்பணம் எல்லாம் அவர் தலையில் ஏறும். இரண்டு, ‘இன்று முடியாது’ என்பவரிடம் சண்டை போடாதீர்கள். பணத்தைத் திருப்பித் தரும் விதியை முன்பே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். மூன்று, குளிருக்கான உடையைப் பெட்டியில் வைக்காமல் உடம்பில் போட்டுக்கொள்ளுங்கள். விமானத்துக்குள் கதகதப்பாக இருக்கிறது என்று மெல்லிய சட்டையோடு ஏறுபவர், விழுந்த பிறகு எரியும் விமானத்திலிருந்து பெட்டியை எடுக்க முடியாது.

நேபாளத்தில் முக்திநாத் யாத்திரைக்கு பொக்காராவிலிருந்து ஜோம்சோம் விமானத்தில் போகிறோம். இதையெல்லாம் படித்தால் பயமாக இருக்கிறது. போகலாமா?

திருச்சாளக்கிராமம் என்று திவ்யதேச வரிசையில் இருப்பதால் தமிழ்நாட்டிலிருந்து நிறையப் பேர் அங்கே போகிறார்கள். இந்தக் கேள்வியும் அதனால் அடிக்கடி வருகிறது. ஒருபுறம் அன்னபூர்ணா, மறுபுறம் தவளகிரி, நடுவே காளி கண்டகிப் பள்ளத்தாக்கு. ட்வின் ஆட்டர் விமானம் அதன் வழியே இருபது நிமிடத்தில் சென்றுவிடும். இந்தத் தடத்தில் 2016 பிப்ரவரியில் 23 பேரும், 2022 மே மாதம் 22 பேரும் இறந்தார்கள். இரண்டிலும் விமானம் மேகத்துக்குள் நுழைந்து மலையில் மோதியது. அதாவது மூன்றாவது பதிலில் சொன்ன அதே நெருக்கடி, இமயமலை உயரத்தில்.

போகக்கூடாது என்று சொல்ல மாட்டேன். தெளிந்த காலையில் எத்தனையோ விமானங்கள் பத்திரமாகப் போய்வருகின்றன. முற்பகலுக்குப் பிறகு ஜோம்சோமில் காற்று பலமாகிவிடுவதால் காலையில்தான் பறப்பார்கள். அதனால் வானிலை சற்றுக் கெட்டாலும் அன்றைய பயணம் ரத்து. பயணத் திட்டத்தில் ஒன்றிரண்டு நாள் உபரியாக வைத்துக்கொள்ளுங்கள். ரத்தானால் பொக்காராவில் தங்குங்கள், அல்லது சாலைவழியே ஜீப்பில் போங்கள். முதுகு வலிக்கும், வழியில் நிலச்சரிவுக்காகக் காத்திருக்க நேரலாம், மழைக்காலத்தில் அந்தச் சாலையும் சாதுவானது அல்ல. உங்கள் குழுவில் முதியவர்கள் இருந்தால் இரண்டு வழிகளையும் சுற்றுலா ஏற்பாட்டாளரிடம் முன்கூட்டியே பேசி, ரத்தானால் ஜீப்புக்கு யார் பணம் தருவது என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.